ஜீவனாம்ச உத்தரவு கைக்கு வந்த பிறகு: வாசகர் கேள்விகளுக்குக் குடும்பநல வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: அம்மா, என் பேத்தி சட்டம் முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, குடும்பநல நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேரப்போகிறாள். "ஊரார் குடும்பத்தைப் பிரித்துவைக்கிற பாவம் உனக்கெதற்கு?" என்று உறவினர்கள் அவள் மனத்தைக் கலைக்கிறார்கள். இந்தத் தொழிலில் பொதுத்தொண்டு என்று சொல்லிக்கொள்ள ஏதேனும் உண்டா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்)

பதில்: இந்தப் பேச்சை நானும் ஜூனியராக இருந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன், ஐயா. எங்கள் அறைக்கு வருகிற குடும்பம் அதற்கு வெகு நாள் முன்பே பிரிந்துபோயிருக்கும். பெண் பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகி, இரு பக்கத்துப் பெரியவர்களும் பேசி ஓய்ந்த பிறகுதான் வழக்குக் கட்டு திறக்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்துக்கே எங்கள் மீது சந்தேகம் உண்டு. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதைக் கட்சிக்காரர் உரிமையாகக் கோர முடியாது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. நடைமுறையில் நாங்கள் மனுப் போட்டு அனுமதி பெற்றே ஆஜராகிறோம். சமரசத்துக்கு இடம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட பிரிவுதான். ஆனால் வழக்கறிஞர் இல்லாத அறையில் நன்றாகப் பேசத் தெரிந்தவரும், சம்பளச் சீட்டை மறைக்கத் தெரிந்தவருமே முந்திக்கொள்கிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மும்பையின் பெண்ணுரிமை வழக்கறிஞர் பிளேவியா ஆக்னஸ் அவர்களைப் பற்றி உங்கள் பேத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். 1947இல் பிறந்த அவர், பள்ளிப் படிப்போடு மணமாகி, கணவரிடம் பல ஆண்டுகள் அடிபட்டு, குழந்தைகளோடு வெளியே வந்து, அந்த அனுபவத்தை 1980களில் தன் பெயரிலேயே எழுதி வெளியிட்டவர். சட்டப் பட்டம் பெற்றது 1988இல், நாற்பது வயதைக் கடந்த பிறகு. அன்று கிறிஸ்தவர்களுக்கு நடைமுறையில் இருந்த 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி, மனைவி பிறழ்ந்தாள், அதாவது வேறொருவருடன் உறவு கொண்டாள், என்று நிரூபித்தாலே கணவனுக்கு மணவிலக்குக் கிடைக்கும். மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதை போதாது. இந்த ஏற்றத்தாழ்வு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் மனைவியாக வாழ்ந்த ஒருவர் அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, திரைப்பட இயக்குநர் மதுஸ்ரீ தத்தாவுடன் சேர்ந்து 'மஜ்லிஸ்' என்ற சட்ட மையத்தைத் தொடங்கி, வசதியற்ற பெண்களின் வழக்குகளை நடத்தினார். தண்டனையோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை, தங்க இடமும் ஜீவனாம்சமும் குழந்தையின் செலவுக்குப் பணமும் பெண்ணுக்கு வந்து சேர வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து. பொது சிவில் சட்டம் பற்றிய அவருடைய தயக்கங்களோடு நான் பலமுறை மனத்துக்குள் வாதிட்டிருக்கிறேன். ஆனால் பணத்தைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கள் தொழிலில் தொண்டு என்று ஒன்று இருந்தால், அது நீதிமன்றம் உத்தரவிட்ட பணத்தைப் பெண்ணுக்கு வசூலித்துத் தருவதில்தான் இருக்கிறது.

கேள்வி: எனக்கும் குழந்தைக்கும் சேர்த்து மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டது. 27 மாதங்களாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. "தருகிறேன், தருகிறேன்" என்று அவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். இனி என்ன செய்வது?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வெகு நாளைக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த உத்தரவு நகல் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. நனையக் கூடாது, கசங்கக் கூடாது என்று பத்திரப்படுத்தி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். அந்தத் தாளே பணத்தைக் கொண்டுவந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அப்படியல்ல என்பதைச் சொல்லியிருக்க வேண்டியவர் அவருடைய வழக்கறிஞர். அவரோ உத்தரவு வந்த அன்றே கட்டை மூடிவிட்டிருந்தார்.

உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் பிறந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டிலும் ஒரு கெடு உண்டு: நிலுவைத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்க முடியும். ஆகவே, இன்று மனுப் போட்டால் கடைசி 12 மாதங்களுக்கான 72,000 ரூபாயை இந்த வழியில் கேட்கலாம். முந்தைய 15 மாதங்களின் 90,000 ரூபாய் முற்றிலும் பறிபோய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், இந்தக் கெடு வாரண்ட், சிறை என்ற விரைவு வழியை மட்டுமே அடைக்கிறது, பணத்தைப் பெறும் உரிமையை அழிப்பதில்லை, உரிமையியல் (சிவில்) வழக்கு வழியில் அதைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. ஆனால் அந்த வழி நீளமானது. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கும்.

வாரண்டுக்குப் பிறகும் பணம் கட்டாதவருக்கு, பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டதால் கடன் தீர்ந்துவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் எப்போதோ தெளிவுபடுத்திவிட்டது. மனுவோடு அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெயர், முகவரி, அவர் பெயரிலுள்ள வண்டி, மனை ஆகிய விவரங்களைக் கொடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு அவை தெரிய வழியில்லை. இடையில் அவர் ஆயிரமோ இரண்டாயிரமோ நீதிமன்ற வராந்தாவில் வைத்து நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. இலவசச் சட்ட உதவி பெற வருமானச் சான்றிதழ் வேண்டுமா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்களுக்கு வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இந்த உதவியை அளிக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உங்களுக்காக நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஆணைக்குழுவே ஊதியம் தரும். அதற்கு மேல் அவர் உங்களிடம் கேட்டால், எழுத்து மூலம் அந்த அலுவலகத்தின் செயலாளரிடமே சொல்லுங்கள். வேறொருவரை நியமித்துத் தருவார்கள்.