முதல் பெட்டி எது? மாயச் சீட்டு விளையாட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் போக்கிமான் சீட்டுப் பாக்கெட் பதினைந்து வாங்கிக் கொடுத்தாயிற்று. இன்னும் "ஆட முடியாது, சீட்டு பத்தாது" என்கிறான். எத்தனை பாக்கெட்தான் வாங்குவது? (காரைக்குடி)

பதில்: இனி ஒன்றுகூட வேண்டாம். பையன் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் வாங்கியது பூஸ்டர் பாக்கெட். உள்ளே என்ன இருக்கும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரிதான். ஆடுவதற்கு வேண்டியது சரியாக 60 சீட்டுள்ள கட்டு. சாரிசார்ட் என்ற பெரிய போக்கிமான் கிடைத்துவிட்டது என்று குதிப்பார்கள். அதை இறக்கப் பெரும்பாலும் முதலில் சார்மாண்டர் வேண்டும், அதன்மேல் சார்மீலியன் வேண்டும். கூடவே தாக்கச் சக்தி தரும் எனர்ஜிச் சீட்டுகளும், கட்டிலிருந்து வேண்டியதைத் தேடி எடுத்துத் தரும் ட்ரெய்னர் சீட்டுகளும் போதுமான அளவில் வேண்டும். பாக்கெட்டில் 150 சீட்டு சேர்ந்தாலும் இந்த விகிதம் தானாக அமையாது.

"பேட்டில் டெக்" என்று கேட்டு வாங்குங்கள். 60 சீட்டும் அளவாகச் சேர்த்தே வரும். ஒன்று போதாது, ஆடும் இருவருக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே தரத்தில் இருக்கட்டும். "லீக் பேட்டில் டெக்" என்பது அடுத்த படி. அதைச் சாதாரண பேட்டில் டெக்கோடு மோதவிட்டால் சாதாரண டெக் வைத்திருப்பவன் தினமும் தோற்று அழுவான்.

முதல் வாரம் பிள்ளைகள் தவறவிடுவது இவை: ஒரு முறைக்கு ஒரே ஒரு எனர்ஜியைத்தான் கையிலிருந்து பொருத்தலாம். ட்ரெய்னரில் ஒரு வகையான சப்போர்ட்டர் சீட்டும் முறைக்கு ஒன்றுதான். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்க முடியாது. தொடக்கத்தில் எடுக்கும் 7 சீட்டில் அடிப்படைப் போக்கிமான் (சார்மாண்டர் போல நேரடியாக இறக்கக்கூடியது) ஒன்றும் இல்லையென்றால் கையிலுள்ள சீட்டுகளைக் காட்டிவிட்டுக் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு ஈடாக எதிராளி ஒரு சீட்டு கூடுதலாக எடுக்கலாம்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர். மேஜிக் (Magic: The Gathering) சீட்டு விளையாட்டில் கமாண்டர் வகை ஆட ஆசை. ஆளுக்கொரு ரெடிமேட் டெக் வாங்கினால் சமமாக இருக்குமா? வாங்கியபின் என்ன மாற்றலாம்? (தேவகோட்டை)

பதில்: நாலு பேர் கூடி ஆட இதைவிட நல்ல வாசல் இல்லை. மேஜிக் 1993இல் வந்தது. கமாண்டர் என்பது ஆட்டக்காரர்களே உருவாக்கிய வகை, அதற்கான தயார் டெக்குகளை நிறுவனம் 2011இல்தான் வெளியிட்டது. கட்டு 100 சீட்டு, அதற்குத் தலைமை தாங்கும் சீட்டுதான் கமாண்டர். மானா என்னும் சக்தியைத் தரும் அடிப்படை நிலச்சீட்டைத் தவிர எதுவும் இரண்டு பிரதி கூடாது. ஆளுக்கு 40 உயிர்.

சமம் வேண்டுமென்றால் நாலு பேரும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்த டெக்குகளை எடுங்கள். ஒன்றோடொன்று ஆடும்படியே அவற்றை வடிவமைக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முந்திய பெட்டியையும் புதுப் பெட்டியையும் கலந்தால் பழையது பெரும்பாலும் பின்தங்கும். பணம் இடித்தால் 2022 டிசம்பரில் வந்த "ஸ்டார்ட்டர் கமாண்டர்" டெக்குகள் ஐந்தில் நாலு கிடைக்குமா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டே நிறம் என்பதால் புதியவர் குழம்ப மாட்டார். 2025இல் வந்த பெட்டிகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் நிறுவனம் அறிவித்த விலை 44.99 டாலராக இருந்தது. இங்கே அனுப்புகூலியும் சுங்கமும் சேரும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று முடிவு செய்யுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் குலுக்க வேண்டும். நிலச்சீட்டுகள் ஒரே கும்பலாக அடுக்கியிருக்கும். இரண்டு முறை தட்டிவிட்டு ஆடினால் ஒருவர் கையில் நிலம் மட்டும், இன்னொருவர் கையில் நிலமே இல்லை. "டெக் சரியில்லை" என்ற புகாரில் பாதி இதுதான். பிளாஸ்டிக் உறை போட்ட 100 சீட்டு ஒரு கைக்கு அடங்காது. இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் விளிம்பை மற்றதற்குள் செருகித் தள்ளுங்கள். மேல் கீழ் மாற்றி எட்டுப் பத்து முறை.

விதியில் தடுமாறும் இடங்கள் மூன்று. கமாண்டர் செத்துத் தன் இடத்துக்குத் திரும்பியபின் மறுபடி இறக்க ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கூடும். ஒரே கமாண்டரின் சண்டை அடி 21 ஆனால், உயிர் மீதி இருந்தாலும் ஆள் அவுட். இதை ஒவ்வொரு கமாண்டருக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள், கூட்டாதீர்கள். மூன்றாவது தடுமாற்றம் நிறத்தில்: கமாண்டர் சீட்டில் விலையாக அச்சிட்ட நிறங்கள் மட்டுமல்ல, அதன் விளக்க வரிகளில் உள்ள மானாக் குறிகளும் கணக்கில் சேரும். கட்டில் உள்ள எந்தச் சீட்டும் அந்த நிறங்களைத் தாண்டக் கூடாது.

மாற்றுவதைப் பற்றி: ஐந்தாறு ஆட்டம் ஆடாமல் ஒரு சீட்டைக்கூடத் தொடாதீர்கள். பிறகு ஆளுக்கு ஐந்து சீட்டு, அதற்கு மேல் இல்லை என்று நாலு பேரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதலில் நிலச்சீட்டைத்தான் கழிப்பார்கள், அதுதான் தப்பு. 36க்குக் கீழே போனால் மூன்றாம் முறையிலேயே கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். கமாண்டரின் வேலைக்குச் சம்பந்தமில்லாத, ஆறேழு மானா கேட்கும் ராட்சசர்களை எடுங்கள். அந்த இடத்தில் சீட்டு எடுத்துத் தருபவை, மானா பெருக்குபவை வரட்டும். ஏறக்குறைய எல்லாத் தயார் டெக்கிலும் இருக்கும், மானா அள்ளித் தரும் சோல் ரிங் சீட்டு முதல் முறையிலேயே வந்தால் அந்த ஆள் வெகுதூரம் ஓடிவிடுவார். பிடிக்காவிட்டால் நாலு பேரும் எடுத்துவிடலாம், உங்கள் வீட்டு ஆட்டம்தானே. வெளியூர்க் கூட்டத்துக்குப் போனால், 2025இல் அறிமுகமான ஐந்து வலிமைப் படிநிலையில் உங்கள் தயார் டெக் ஏறக்குறைய இரண்டாவது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நாலு பேர் ஆட்டம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். முதல் நாள் மூன்று மணி ஆனாலும் அதிசயமில்லை.

கேள்வி: செவ்வாய்ப் பொங்கலுக்குச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வருகிறார். யூகியோ டெக் வாங்கிவரச் சொல்லலாமா? (நாட்டரசன்கோட்டை)

பதில்: தாராளமாக. ஆனால் "யூகியோ வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் ஜப்பானிய மொழிப் பெட்டி வந்து சேரலாம். எழுதியே அனுப்புங்கள்: ஆங்கிலப் பதிப்பு, ஸ்ட்ரக்சர் டெக் (யூகியோவின் தயார் டெக்), சீல் பிரிக்காதது. முக்கியக் கட்டு 40இலிருந்து 60 சீட்டு, ஆளுக்கு 8000 உயிர்ப் புள்ளி. ஒரே டெக்கில் மூன்று பெட்டி வாங்கச் சொல்லும் பேச்சு காதில் விழும். ஒரு சீட்டை மூன்று பிரதி வரை வைக்கலாம், பெட்டியில் முக்கியமானவை பலவும் ஒற்றையாகவே இருக்கும், அதனால் அப்படிச் சொல்கிறார்கள். போட்டிக்குப் போகிறவருக்கு அது சரி. வீட்டில் இரண்டு பேர் ஆட வெவ்வேறு டெக் இரண்டு வாங்குவதே மேல்.

உறையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். யூகியோ சீட்டு 59×86 மில்லிமீட்டர், அதற்குச் சிறிய உறை. மேஜிக்கும் போக்கிமானும் 63×88, அதற்குப் பெரிய உறை. மாறி வந்தால் பெரிய உறைக்குள் சிறிய சீட்டு ஆடும், சிறிய உறைக்குள் பெரியது நுழையாது. போக்கிமானில் ஜப்பானியச் சீட்டின் முதுகுப் படமே வேறு. ஆங்கிலச் சீட்டோடு கலந்தால் மூடிவைத்தாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: மேஜிக்கில் தயார் டெக் இரண்டு வைத்திருக்கிறோம். அலுத்துவிட்டது. மறுபடி செலவு செய்யாமல் வேறு விதமாக ஆட வழி? (கானாடுகாத்தான்)

பதில்: நிறைய. செலவே இல்லாதது பொதுக்கட்டு. இரண்டு டெக்கிலிருந்தும் நிலச்சீட்டை முழுக்க எடுத்துவிட்டு, மீதியில் சுமார் 80 சீட்டைக் குலுக்கி நடுவில் வையுங்கள். இருவரும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். கையிலுள்ள எந்தச் சீட்டையும் முறைக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைக்கலாம், அது எந்த நிற மானாவும் தரும் நிலம். நல்ல சீட்டைக் கவிழ்ப்பதா, காப்பதா என்ற தவிப்பிலேயே ஆட்டம் சூடு பிடிக்கும். கட்டிலிருந்து நிலம் தேடும் சீட்டுகளை முன்பே கழித்துவிடுங்கள், இதில் அவை வீண்.

நாலு பேர் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருதலை ராட்சசன்: அணிக்கு 30 உயிர், இருவரும் ஒரே நேரத்தில் முறை எடுப்பார்கள். புதியவரைத் தேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்த்திக் கற்றுக்கொடுக்க இதுவே சிறந்தது.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஜம்ப்ஸ்டார்ட். 2020இல் வந்தது. ஒரு பாக்கெட் 20 சீட்டு, நிலமும் உள்ளேயே இருக்கும். இரண்டைப் பிரித்துக் கலந்தால் 40 சீட்டுக் கட்டு தயார். பூஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் சிபாரிசு செய்யக் காரணம், ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கருப்பொருளில் கோத்தது. ஆடி முடித்ததும் மறுபடி இருபது இருபதாகப் பிரித்து ரப்பர் பேண்ட் இல்லாமல் தாளில் சுற்றி வைத்தால் வருடக்கணக்கில் வரும். ரப்பர் பேண்ட் ஓரத்தை மடக்கிவிடும்.

கேள்வி: திருவிழாக் கடையில் தங்க நிறப் போக்கிமான் சீட்டு ஒரு கட்டு மலிவாகக் கிடைத்தது. ஒரிஜினலா? ஆன்லைனில் வாங்கியது போலியென்றால் என்ன செய்வது? (பள்ளத்தூர்)

பதில்: கட்டு முழுக்கத் தங்கம் என்றால் போலி. யோசிக்கவே வேண்டாம். பிள்ளை பொம்மையாக வைத்துக்கொள்ளட்டும்.

இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம் வருடம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். மேஜிக் சீட்டின் முதுகில் உள்ள பச்சை வட்டத்தை நகைக்கடை லென்ஸில் பார்த்தால் ஆங்கில எல் வடிவில் நாலு சிவப்புப் புள்ளி தெரியும். போலியில் அவை பெரும்பாலும் கலங்கியிருக்கும்.

ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுங்கள். 2020இன் மின்வணிக விதிகளின்படி, போலியான அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து ஆடினால் சீட்டு கெடுமா? (ஆத்தங்குடி)

பதில்: உங்கள் ஊர்த் தரைக் கல்லில் சீட்டை நேராக வைக்காதீர்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த தரையென்றால் உறையில்லாத சீட்டு அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும், கறை போகாது. வழவழ கல்லிலிருந்து நகத்தால் நெம்பி எடுக்கும்போது முனையும் மடங்கும். ஜமுக்காளம் விரித்து ஆடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதன் வரிகள் சீட்டில் பதியும். எண்ணிக்கைக் காய்களுக்குப் பல்லாங்குழிச் சோழி போதும், போட்டுவைக்க ஓலைக் கொட்டான் இருக்கவே இருக்கிறது. பெட்டிக்குள் அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.