தர்பூசணிக் கொடி மதியம் வாடி மாலையில் நிமிர்கிறது, தண்ணீர்க் குறைவா?

மண் ஈரமாக இருந்தும் கொடி வாடுகிறது என்றால் தண்ணீரைக் கூட்டாதீர்கள். முதலில் ஒரு கொடியை அடித்தண்டோடு பிடுங்கி, கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கோடு ஓடினால் அது பெரும்பாலும் பியூசேரியம் வாடல் நோய்தான். இந்தப் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களையே அடைத்துவிடும். அதனால்தான் காலடியில் ஈரம் இருந்தும் இலை துவள்கிறது. ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் வாடி, மற்றது பச்சையாக நிற்பதும் இதன் அடையாளம்.

வாடிய செடியை எந்த மருந்தும் எழுப்பாது. கடைக்காரர் சொன்னார் என்று வேரில் ஊற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். பிடுங்கி வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், இதன் வித்துகள் மண்ணில் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு பருவம் உளுந்து போட்டு அடுத்த முறை மறுபடி தர்பூசணி போட்டால் போதாது. வேரில் முடிச்சு தெரிந்தால், வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவகையான நூற்புழுவையும் கவனியுங்கள். அது போடும் காயம் பூஞ்சைக்கு வாசல்.

இதே நிலத்தை விட முடியாதென்றால் சுரைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்குங்கள்; கீழே இந்த நோயைத் தாங்கும் சுரை வேர், மேலே தர்பூசணிக் கொடி. ஜப்பானியர் 1920களிலேயே கண்ட வழி இது. நாற்று விலை கூடுதல்தான். நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். புதைந்தால் தர்பூசணியே வேர்விட்டு, அதன் வழியே நோய் ஏறி, கொடுத்த காசு வீண்.