காணப்படாதவைகளைப் பற்றி: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை தேவதூதர், பேய், பாதாளம் பற்றியே கேட்கின்றன. மேற்கோள்கள் நம் சபைகளில் வாசிக்கிற பவர் தமிழ் வேதாகமத் திருப்புதலிலிருந்து.

சங்கீதம் 82:1 "தேவர்களின் நடுவிலே அவர் நியாயம் விசாரிக்கிறார்" என்கிறது. ஒரே தேவன் என்று அறிக்கையிடுகிற நமக்கு இந்தத் தேவர்கள் யார்? மனித நியாயாதிபதிகள் என்கிறார் எங்கள் போதகர்.
— வாசகர், பாளையங்கோட்டை

அந்த வசனத்தில் "தேவன்", "தேவர்கள்" இரண்டுக்கும் எபிரெயத்தில் ஒரே சொல்தான்: எலோஹிம். வடிவத்தில் அது பன்மை. முதலில் வருவதற்கு ஒருமை வினை சேர்ந்திருப்பதால் "தேவன்". இரண்டாவது, "நடுவிலே" என்பதோடு வருகிறது. ஒரே ஒருவருக்கு நடுவில் நிற்க முடியாதே, அதனால் "தேவர்கள்".

சிக்கல் நம் காதில்தான். "தேவர்கள்" என்றதும் தேவனுக்குச் சமமான பலர் என்று கேட்கிறோம். எபிரெயன் அப்படிக் கேட்கவில்லை. எந்தோரில் அஞ்சனம் பார்க்கிறவள் "தேவர்கள் பூமிக்குள்ளிருந்து ஏறிவருகிறதைக் காண்கிறேன்" என்கிறாள் (1 சாமு. 28:13). ஏறிவந்தவரோ மரித்துப்போன சாமுவேல். மோவாபியரின் தெய்வமான காமோஸுக்கும் அதே சொல். உபாகமம் 32:17-ல் பேய்கள் என்று சொல்லப்பட்டவற்றுக்கும் அதே சொல். ஆக, எலோஹிம் ஒருவருடைய வல்லமையை அளக்கிற சொல் அல்ல. அவர் எந்த உலகத்தவர் என்று காட்டுகிற சொல். தமிழில் "வானவர்" என்கிறோமே, இருக்கும் இடத்தை வைத்து, அந்த மாதிரி. கர்த்தர் எலோஹிம்தான், ஆனால் எலோஹிம் எல்லாம் கர்த்தர் அல்ல.

உங்கள் போதகர் சொல்வது யூத மரபிலேயே உள்ள பழைய விளக்கம், அதைத் தள்ளிப் பேச வேண்டாம். யாத்திராகமம் 21:6-ல் இதே சொல்லை நம் வேதம் "நியாயாதிபதிகள்" என்றுதான் தருகிறது. ஆனாலும் இந்தச் சங்கீதத்துக்கு அது பொருந்தவில்லை என்பது என் முடிவு. 7-ஆம் வசனம் "மனுஷரைப்போலச் செத்து" போவீர்கள் என்று தீர்ப்புச் சொல்கிறது. மனிதனைப் பார்த்து "மனிதனைப்போலச் சாவாய்" என்றால் அது தண்டனையா? சங்கீதம் 89:6-ம் இந்தக் கூட்டத்தை "ஆகாயமண்டலத்தில்" வைக்கிறது. மிகாயா தீர்க்கதரிசி கண்டதும் சிங்காசனத்தின் இருபுறமும் நிற்கிற பரமசேனையைத்தான் (1 இராஜா. 22:19).

சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டி எடுத்த உகாரித் களிமண் பலகைகளிலும் ஏல் என்ற தெய்வத்தின் சபை வருகிறது. அந்தக் காலத்து மக்களுக்குப் பழக்கமான காட்சி அது. ஆனால் வேதத்தில் அந்தச் சபையின் நிலை வேறு. 82-ஆம் சங்கீதத்தில் அவர்கள் ஆலோசகர்களாக உட்காரவில்லை, குற்றவாளிகளாக நிற்கிறார்கள். குற்றச்சாட்டு 3, 4 வசனங்களில் இருக்கிறது: ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயஞ்செய்யவில்லை என்பதே.

தானியேல் 10-ஐ வைத்து எங்கள் ஜெபக்குழுவில் 21 நாள் உபவாசம் வைக்கிறோம். ஊரை ஆளுகிற "அதிபதி"யின் பெயரைக் கண்டுபிடித்துக் கட்டி ஜெபிக்க வேண்டும் என்கிறார்கள். இது சரியா?
— வாசகி, தூத்துக்குடி

அதிகாரத்தை மெதுவாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கோரேசின் மூன்றாம் வருஷம். தானியேல் மூன்று வாரம் துக்கித்தார். ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் தொடவில்லை, எண்ணெய் பூசவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது, எல்லா உணவையும் விட்டதாக இல்லை. காட்சி வந்தது முதல் மாதம் 24-ஆம் தேதி, இதெக்கேல் (டைகிரிஸ்) ஆற்றங்கரையில். அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணினால் 14-ஆம் தேதிப் பஸ்காவும் அதற்கடுத்த புளிப்பில்லாத அப்பப் பண்டிகையும் அந்த நாட்களுக்குள்ளேயே விழுகின்றன. பண்டிகைக் காலத்தில் மனுஷன் துக்கித்திருக்கிறார். பாரம் அவ்வளவு பெரியது.

இனி கவனிக்க வேண்டிய இடம். பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி எதிர்த்து நின்றான் என்பது தானியேலுக்கு எப்போது தெரியும்? எல்லாம் முடிந்த பிறகு, தூதன் வந்து சொன்னபோது. அதுவரை அவருக்கு அப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. அவனோடு பேசவில்லை, கட்டவில்லை, பெயர் கேட்கவில்லை. வேதமும் அவன் பெயரைச் சொல்லவில்லை. எதிர்த்து நின்றவன் ஒருவன், உதவிக்கு வந்தவன் மிகாவேல். தானியேல் செய்தது தன் தேவனுக்கு முன்பாகத் தாழ்மையாக இருந்ததே. கேட்கப்பட்டது முதல் நாளிலேயே (10:12). 21 என்பது தாமதம் ஆன நாட்களின் கணக்கு, ஜெபத்துக்குக் குறித்த அளவு அல்ல.

எபேசியர் 6-லும் அப்படித்தான். துரைத்தனங்கள், அதிகாரங்கள், அந்தகார லோகாதிபதிகள் என்று பவுல் அடுக்குகிறார். ஆனால் பெயர் தேடச் சொல்லவில்லை. கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம் ஆகிய ஆறில் ஐந்து காப்பதற்கு. திரும்பத் திரும்ப வருகிற கட்டளை "நில்லுங்கள்" என்பது. யூதா 9-ல் மிகாவேலே பிசாசைத் தூஷிக்கத் துணியாமல் "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று நிறுத்திக்கொள்கிறான். பிரதான தூதன் நிறுத்திக்கொண்ட இடத்தைத் தாண்டி நாம் போவானேன்?

இந்தப் பழக்கம் எங்கே கெட்டுப்போகிறது தெரியுமா? இன்று "அதிபதி"க்குப் பெயர் வைப்பவர்கள் நாளை அந்தப் பெயரைப் பக்கத்து வீட்டுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஒட்டுகிறார்கள். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்ற வசனத்தின் முதல் பாதியே அதில் உடைந்துவிடுகிறது. இன்னொன்று: குழுவில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் உணவை நிறுத்தக் கூடாது, மருந்தையும் நிறுத்தக் கூடாது. தானியேல் மாதிரி இறைச்சியையும் ருசியான உணவையும் விட்டாலே போதும், அதுவே வேதத்தில் உள்ள மாதிரி.

உபாகமம் 32:8-ல் நமக்கு "இஸ்ரவேல் புத்திரருடைய தொகைக்குத்தக்கதாய்" என்று இருக்கிறது. ஆங்கில வேதாகமம் ஒன்றில் "தேவபுத்திரர்" என்று பார்த்தேன். எது சரி?
— வாசகர், கோயம்புத்தூர்

ஜாதிகளின் எல்லைகளைத் தேவன் திட்டம்பண்ணினதைச் சொல்லும் வசனம் இது. நீங்கள் பார்த்த இரண்டும் பழைய பிரதிகளில் உள்ளவை. "இஸ்ரவேல் புத்திரர்" மசொரெத்தியப் பாடம், அதாவது யூத அறிஞர் பேணிவந்த எபிரெய மரபுப் பாடம். சாக்கடல் அருகேயுள்ள கும்ரானின் 4-ஆம் குகையில் கிடைத்த உபாகமத் துண்டு ஒன்றில் "தேவபுத்திரர்" என்றே இருக்கிறது. கிரேக்கத் திருப்புதலான செப்துவஜிந்தின் பெரும்பாலான பிரதிகள் "தேவதூதர்" என்கின்றன. "தேவபுத்திரர்" என்பதே மூலம் என்பது என் கருத்து. ஜாதிகள் பிரிந்தது பாபேலில். அப்போது இஸ்ரவேல் என்று ஒரு ஜனம் இல்லை. "தேவபுத்திரர்" என்று எழுதியிருந்ததைப் பல தெய்வ வாடை அடிக்கிறதோ என்று ஒருவர் "இஸ்ரவேல்" என்று மாற்றியிருக்கலாம். எதிர்த்திசையில் மாற்றக் காரணம் தெரியவில்லை. ஆதியாகமம் 10-ல் ஜாதிகள் 70, எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பமும் 70 (ஆதி. 46:27). அந்த மாற்றத்துக்கு இந்த எண் ஒற்றுமை கைகொடுத்திருக்கும்.

அப்படி வாசித்தால் 9-ஆம் வசனம் துலங்குகிறது: மற்ற ஜாதிகள் தேவபுத்திரருக்குப் பங்கிடப்பட்டன, "கர்த்தருடைய ஜனமே அவருடைய பங்கு". தானியேலில் வருகிற பெர்சியாவின் அதிபதி யார் என்பதற்கும் வேர் இங்கேதான்.

ஆதியாகமம் 6-ல் வருகிற தேவகுமாரர் சேத்தின் சந்ததியா, விழுந்த தூதர்களா?
— வாசகர், மதுரை

ஆதியாகமம் 6:2-ல் "தேவகுமாரர்", யோபு 1:6-லும் 38:7-லும் "தேவபுத்திரர்". தமிழில் இரண்டு சொல். எபிரெயத்தில் ஒரே தொடர். யோபுவில் அது பரலோகத்தாரைக் குறிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேதுருவும் யூதாவும் பாவஞ்செய்த தூதர்களைக் கட்டிவைத்ததைப் பேசுவதும் இதோடு இணைகிறது. சேத்தின் சந்ததி என்ற விளக்கம் அகுஸ்தீனுவுக்குப் பிறகு மேற்குச் சபையில் நிலைத்தது. தூதர்கள் "கொள்வனையும் கொடுப்பனையும்" செய்வதில்லை என்ற மத்தேயு 22:30-ஐ அந்த விளக்கத்தைப் பிடிப்பவர்கள் காட்டுவார்கள். அந்த வசனம் பேசுவது பரலோகத்தில் இருக்கிற தூதர்களைப் பற்றி. தங்கள் இடத்தை விட்டவர்களைப் பற்றி அல்ல.

"இராட்சதர்" என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மூலத்தில் நெஃபிலிம். நம் மனதில் புராண ராட்சதர் உருவம் வந்துவிடுகிறது. உயரம் பற்றி ஆதியாகமம் 6 ஒன்றும் சொல்லவில்லை. கோலியாத்தின் உயரம்கூட நம் வேதத்தில் ஆறு முழமும் ஒரு ஜாணும்; கும்ரான் பிரதியிலும் செப்துவஜிந்திலும் நாலு முழமும் ஒரு ஜாணும். முழம் சுமார் 45 சென்டிமீட்டர் என்றால், முதல் கணக்கில் ஏறக்குறைய 2.9 மீட்டர், இரண்டாவதில் 2 மீட்டர்.

லூசிபர் என்ற பெயர் வேதத்தில் எங்கே இருக்கிறது?
— வாசகி, நாகர்கோவில்

தமிழ் வேதத்தில் இல்லை. ஏசாயா 14:12-ல் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்பதை லத்தீன் வேதம் "லூசிபர்" என்றது. வெளிச்சம் கொண்டுவருவது, அதாவது விடிவெள்ளி என்பதே அதன் பொருள். அதே லத்தீன் வேதம் 2 பேதுரு 1:19-ல் நம் இருதயங்களில் உதிக்கிற விடிவெள்ளிக்கும் அதே சொல்லைப் போடுகிறது. அங்கே அது சாத்தான் அல்ல. ஏசாயா 14-ன் நேரடிப் பொருள் பாபிலோன் ராஜா, 4-ஆம் வசனமே சொல்கிறது. சாத்தானின் வீழ்ச்சியைப் பிரசங்கிக்க வெளிப்படுத்தல் 12:9 போதுமானது.

யாக்கோபு "பாதாளத்தில் இறங்குவேன்" என்கிறார். அவர் நரகத்துக்கா போனார்?
— ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், திருச்சி

இல்லை. எபிரெயத்தில் அது ஷியோல், மரித்தோர் எல்லாரும் இறங்குகிற இடம். இந்தக் குழப்பம் நம் மொழிபெயர்ப்பில் பல சொற்கள் ஒன்றாகக் கலந்ததால் வந்தது. ஷியோல், கிரேக்கத்தின் ஹேடீஸ், பேய்கள் போக அஞ்சிய அபிஸ்ஸோஸ் (லூக். 8:31) ஆகிய மூன்றுக்கும் "பாதாளம்" வருகிறது. எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்து பெயர் பெற்ற கெஹன்னாவுக்கு "நரகம்". 2 பேதுரு 2:4-ன் தார்தரோஸுக்கும் "நரகம்". போதாததற்கு, சங்கீதம் 9:17-ல் ஷியோலையே "நரகத்திலே" என்று போட்டிருக்கிறார்கள்.

நீங்களே சரிபார்க்க வழி இருக்கிறது. ஸ்ட்ராங் எண் (ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் தரப்பட்ட எண்) காட்டுகிற வேதாகமச் செயலியில் வசனத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள். எபிரெயத்தில் 7585 ஷியோல். கிரேக்கத்தில் 86 ஹேடீஸ், 1067 கெஹன்னா, 12 அபிஸ்ஸோஸ், 5020 தார்தரோஸில் தள்ளுதல். பிறகு அந்த எண் வருகிற எல்லா வசனங்களையும் தமிழில் வரிசையாக வாசியுங்கள். கெஹன்னா புதிய ஏற்பாட்டில் 12 முறைதான். ஒரு மாலையில் முடிந்துவிடும். யாக்கோபு 3:6 தவிர எல்லாம் இயேசுவின் வாயிலிருந்து வந்தவை என்பது அப்போது தெரியும்.

தவறும் இடங்கள் இரண்டு. எபிரெய வேதத்தில் பல சங்கீதங்களின் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படும். நம் 9:17 அங்கே 9:18. மற்றது, ஸ்ட்ராங் எண்கள் பழைய ஏற்பாட்டில் மசொரெத்தியப் பாடத்தை ஒட்டியவை. மேலே சொன்ன உபாகமம் 32:8 போன்ற பிரதி வேறுபாடு அதில் தெரியாது. அதற்கு அடிக்குறிப்புள்ள பதிப்பு வேண்டும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் தூதர்களாக வரும் பிள்ளைகளுக்குச் சிறகு கட்டலாமா?
— வாசகி, வேலூர்

கட்டினால் பாவமில்லை. ஆனால் செய்தி கொண்டுவருகிற தூதனுக்குச் சிறகு உண்டென்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சிறகுள்ளவர்கள் கேருபீன்களும் சேராபீன்களும். எசேக்கியேல் 1-ல் நாலு சிறகு, ஏசாயா 6-ல் ஆறு. "சேராப்" என்பது எண்ணாகமம் 21-ல் "கொள்ளிவாய்ச் சர்ப்பம்" என்று வருகிற அதே சொல். சாலொமோன் ஒலிவமரத்தில் செய்வித்த கேருபீன்கள் பத்து முழ உயரம், ஏறக்குறைய நாலரை மீட்டர். சின்னப் பிள்ளை உருவத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆபிரகாமிடம் வந்தவர்களோ வழிப்போக்கர்போல வந்து, வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் சாப்பிட்டார்கள். சிறகிருந்தால் அவர் முதலில் அதைத்தானே பார்த்திருப்பார்? கிறிஸ்தவ ஓவியங்களில் தூதர்களுக்குச் சிறகு முளைத்தது 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான்.

வெள்ளை வேட்டியோ நீண்ட வெள்ளை அங்கியோ போதும். கல்லறையில் உட்கார்ந்திருந்தவன் "வெள்ளையங்கி" தரித்திருந்தான் (மாற். 16:5), மத்தேயு "உறைந்த மழையைப்போல வெண்மை" என்கிறார். பின்னால் இருந்து ஒரு பலமான விளக்கைத் திடீரென்று போடுங்கள். லூக்கா 2:13-ல் வந்தது "பரமசேனையின் திரள்". சேனை என்றால் படை. அதனால் பிள்ளைகளை நெருக்கமாக, நேராக நிற்க வையுங்கள். முக்கியமாக, மேய்ப்பர்கள் முதலில் உண்மையாகவே நடுங்க வேண்டும். "பயப்படாதிருங்கள்" என்ற வசனத்தைத் தூதன் அதற்குப் பிறகு சொல்லட்டும்.