ஜோர்ஜ்டவுனில் எந்தத் தெருவில் தங்குவது? வாசகர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வழக்கம்போல் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் கேள்வி ஒன்றுதான்: பினாங்கில், அதிலும் அதன் பழைய நகரமான ஜோர்ஜ்டவுனில், எங்கே தங்குவது? ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் பதில் மாறும் என்பதால் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கே: சென்னையிலிருந்து நால்வர் வருகிறோம். மூன்று இரவுகள். பழைய நகரத்தை நடந்தே பார்க்க ஆசை. லிட்டில் இந்தியாவில் அறை எடுக்கலாமா?

ப: தாராளமாக. யுனெஸ்கோ 2008-இல் பட்டியலில் சேர்த்த பகுதி, சுற்றியுள்ள காப்பு வளையத்தையும் சேர்த்து இரண்டரை சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். கால் தாங்கினால் வண்டியே வேண்டாம். லெபோ குயினில் (லெபோ என்றால் தெரு) 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதே சாலையில் மேலே போனால் குவான் யின் கோயில், சாலை முடியும் இடத்தில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம். எல்லாம் ஒரு காலை நடையில் அடங்கிவிடும். சைவச் சாப்பாடு, இட்லி தோசை எதற்கும் அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லெபோ பாசாரைப் பார்த்த முன்னறை என்றால் கடைகளின் பாட்டு இரவு பத்து மணி வரை அறைக்குள் வரும். பின்னறை கேட்டால் அமைதி கிடைக்கும், ஆனால் பல பின்னறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பணம் கட்டுமுன் ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அது வெளியே திறக்கிறதா, உள்ளே காற்றுக்காக விட்டிருக்கும் முற்றத்துக்குத் திறக்கிறதா என்றும் கேளுங்கள். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் ஜன்னல் இல்லாத அறையில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதம் வராத மாதமில்லை.

வெளிநாட்டவர் என்பதால் அறைக்கு ஓர் இரவுக்கு பத்து வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி, அதோடு பினாங்கின் உள்ளூர்க் கட்டணம் இரண்டு அல்லது மூன்று வெள்ளி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, கொடுத்துவிடுங்கள்.

கே: கடற்கரையும் வேண்டும், பழைய நகரமும் வேண்டும். பத்து பெரிங்கியில் தங்கி தினமும் நகரத்துக்கு வந்து போகலாமா? (சிரம்பான்)

ப: வேண்டாம். பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் கடலோரமாக வளைந்து வளைந்து போகும் ஒரே சாலை. வார இறுதியில் அந்தச் சாலையிலேயே உங்கள் விடுமுறை கரைந்துவிடும். இரண்டு இரவு நகரத்தில், இரண்டு இரவு கடற்கரையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 101-ஆம் எண் பேருந்து இரண்டையும் இணைக்கிறது.

கே: பினாங்கில் நல்ல ஹோட்டல் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.

ப: தம்பி, எத்தனை பேர், எந்த மாதம், எத்தனை இரவு, கையில் எவ்வளவு, காரில் வருகிறீர்களா பேருந்திலா, ஒன்றும் எழுதவில்லை. ஊர் பெயர்கூட இல்லை. இவற்றை எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கே: அம்மாவுக்கு வயது எழுபத்தாறு, முழங்கால் வலி. பழைய கடைவீட்டு விடுதியில் தங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஈப்போவிலிருந்து வருகிறோம்.

ப: ஆசையைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய கடைவீடு எப்படி இருக்கும் என்று தெரிந்து வாருங்கள். அகலம் பதினெட்டு, இருபது அடி. உள்ளே நூறடிக்கும் மேல் நீண்டு போகும். மாடிப்படி செங்குத்தான மரப்படி, ஒவ்வொரு படியும் பாதம் முழுதாகப் பதியாத அகலம், சில வீடுகளில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. மின்தூக்கி பெரும்பாலும் இருக்காது. குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு திட்டு இருக்கும், வயதானவர்கள் இடறுவது அங்கேதான். அதனால் தரைத்தள அறை கிடைத்தால் மட்டும் எடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "கீழ்த்தள அறையா, குளியலறை உள்ளேயே இருக்கிறதா, ஜன்னல் உண்டா?" என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் ஜாலான் பினாங்கு பக்கம் மின்தூக்கி உள்ள விடுதியில் தங்கி, பகலில் அம்மாவைப் பழைய வீடுகளுக்கு அழைத்துப் போங்கள்.

கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையை நம்பி அவரைத் தனியாக நடக்க விடாதீர்கள். பெயர்தான் நடைபாதை. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், மோட்டார் சைக்கிளும் மேசையும் வழியை மறித்திருக்கும்.

கே: தைப்பூசத்துக்கு வருகிறோம். ரதம் பார்க்க வேண்டும், தண்ணீர்மலையும் ஏற வேண்டும். எது வசதி? (ஜொகூர் பாரு)

ப: இரண்டுக்கும் ஒரே இடம் பொருந்தாது. பூசத்துக்கு முதல் நாள் விடிகாலையில் ரதங்கள் நகரத்துக்குள்ளிருந்து புறப்படும். செட்டியார்களின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து, 2017 முதல் தங்க ரதம் லெபோ குயின் மாரியம்மன் கோயிலிலிருந்து. புறப்பாட்டையும் வழிநெடுகத் தேங்காய் உடைப்பதையும் பார்க்க வேண்டுமானால் அந்த விடிகாலைக்கு முந்தின இரவே லிட்டில் இந்தியாவில் இருங்கள்.

பூசத்தன்றைக்கு அது உதவாது. தண்ணீர்மலை அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர், சாலைகள் அடைபட்டிருக்கும், எந்த வாடகைக் காரும் அடிவாரம் வரை போகாது. மலைமேல் பாலதண்டாயுதபாணியைப் பார்க்க ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும், அந்தத் தெம்பை நடந்தே செலவழித்துவிடாதீர்கள். புலாவ் தீக்குஸ், ஜாலான் பர்மா பக்கம் அறை எடுத்தால் தண்ணீர்ப்பந்தல்களைப் பார்த்தபடியே நடந்து போகலாம், களைத்தால் திரும்பியும் வரலாம். பால்குடமோ காவடியோ எடுக்கிறீர்கள் என்றால் எந்தக் கோயிலிலிருந்து புறப்படுகிறீர்களோ அதன் பக்கத்தில் தங்குங்கள், வேறெதையும் யோசிக்காதீர்கள். அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். தை பிறந்த பிறகு எழுதிக் கேட்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கே: நாங்கள் பதினாறு பேர், மூன்று குடும்பம். விடுதி அறைகள் பிடிக்கவில்லை. லெபோ ஆர்மேனியன் பக்கம் ஒரு பழைய வீட்டை முழுதாக எடுத்து, நாங்களே சமைத்து, இரவில் கரோக்கே வைத்து, உள்ளூர்க்காரர்கள்போல நாலு நாள் வாழ்ந்து பார்க்க வேண்டும். எந்த வீடு நல்லது? (கிள்ளான்)

ப: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் அந்தத் தெருக்களில் எப்படி வாழ்ந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். போருக்குப் பிறகு, 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. வாடகை சொற்பம் என்பதால் கீழே தொழில், மேலே குடித்தனம் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். தகரவேலைக்காரர், ஊதுவத்தி செய்பவர், தச்சர், பூக்கட்டுபவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒரு மாடியில் மூன்று நான்கு குடும்பம் துணித் தடுப்பு போட்டு வாழ்ந்தது. 1997-இல் சட்டத்தை ரத்து செய்து, 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு கட்டுப்பாடு முழுதும் நீங்கியது. வாடகை ஒரே தாவலில் பல மடங்கு ஏறியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் லெப்பாசுக்கும் அக்கரைக்கும் போனார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றில் ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, சாப்பிடும் கூடுகளுக்காகக் குருவி வளர்த்தார்கள்.

அப்புறம்தான் யுனெஸ்கோ வந்தது. பல மதத்தவரும் இனத்தவரும் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்த வாழ்க்கைக்குத்தான் அந்த மதிப்பு. பழைய ஓடும் சுண்ணாம்புச் சுவரும் மட்டும் அதைப் பெற்றுத் தந்திருக்காது. 2012-இல் லெபோ ஆர்மேனியனில் சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியம் வந்த பிறகு கூட்டம் பெருகியது, வீடு வாங்குபவர்களும் பெருகினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், விடுதியாக மாறியதால்தான் பல வீடுகளின் கூரை விழாமல் பிழைத்தது. அக்கறையோடு பழுதுபார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் ஒரு வரிசையில் பத்து வீட்டில் எட்டு வீடு இரவு வாடகைக்குப் போய்விட்டால் மிச்சமிருக்கும் இரண்டு வீட்டுக் கிழவருக்கும் கிழவிக்கும் காலையில் காப்பிக் கடைகூட இருக்காது. என் சின்ன வயதில் லெபோ கிங்கில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் சத்தம் தாங்காது. இப்போது அதே நேரத்தில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம்தான் கேட்கிறது. பூக்கடையில் உட்கார்ந்திருக்கும் அக்கா பேருந்து பிடித்து வந்து, பேருந்து பிடித்துப் போகிறார்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருவோம். இரண்டு கடைவீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தளம் மரப்பலகை. இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்தால் அந்தப் பக்கம் தூக்கம் கலையும். அங்கே கரோக்கேயா? பதினாறு பேருக்கு வாயு அடுப்பில் எண்ணெய் காய்ச்சிப் பொரிப்பதா? நூறு ஆண்டு வயதான மரத்தளத்தில் ஒரு பொறி விழுந்தால் வரிசையே போகும்.

என் யோசனை இது. உரிமம் உள்ள விடுதி ஒன்றில் ஒரு தளம் முழுதும் கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள். மாநகர் மன்ற உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சமைத்தே ஆக வேண்டும் என்றால் கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங் பக்கம் சமையலறையோடு கூடிய, உரிமம் பெற்ற அடுக்ககங்களுக்குப் போங்கள். குடியிருப்பு அடுக்குமாடிகளை நாள் வாடகைக்கு விடுவதற்கு மாநிலத்தில் 2023 முதல் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று யார் வீட்டிலோ பணம் கட்டிவிட்டுப் பாதுகாவலரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். பழைய நகரத்தில் தங்குவதானால் பசியாறலைத் தெருக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள், பூவும் பலகாரமும் அங்கேயே வாங்குங்கள், இரவு பத்துக்கு மேல் குரலைத் தாழ்த்துங்கள். இன்னும் அங்கே குடியிருப்பவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

கே: கோலாலம்பூரிலிருந்து காரில் வருகிறோம். லெபோ சூலியாவில் அறை போட்டாயிற்று. காரை எங்கே நிறுத்துவது?

ப: அறை போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி. கடைவீட்டு விடுதிகளுக்குப் பெரும்பாலும் சொந்த நிறுத்துமிடம் கிடையாது. விடுதியைக் கேட்டு, பக்கத்தில் கட்டண நிறுத்துமிடம் எது என்று தெரிந்துகொண்டு, வந்த அன்றே காரை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பும்போது எடுங்கள். உள்ளே ஒருவழித் தெருக்கள். தெரியாதவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். படகுத்துறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே இலவசப் பேருந்து ஓடுகிறது, அது போதும். படகில் காரை ஏற்றலாம் என்ற பழைய நினைப்பில், கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் வரிசை தேடாதீர்கள், அது நின்று சில ஆண்டுகளாகிவிட்டன. பாலம்தான் வழி.

கே: பட்டர்வொர்த்தில் அறை மலிவாக இருக்கிறது. அங்கே தங்கினால் என்ன?

ப: ரயிலில் வந்து ஒரே இரவு தங்குவதென்றால் சரி. நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம், கடலைக் கடக்க கால் மணி நேரம். ஆனால் பழைய நகரம் அழகாக இருப்பது விடியலிலும் இரவிலும்தான், இரண்டையும் இழப்பீர்கள். கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடவும் வேண்டியிருக்கும்.

கே: நானும் தோழியும் சிங்கப்பூரிலிருந்து வருகிறோம். லவ் லேனில் தங்குவது பாதுகாப்பா?

ப: ஆள் நடமாட்டம் உண்டு, பயமில்லை. தூக்கம்தான் இல்லை. மதுக்கடைகள் நள்ளிரவைத் தாண்டியும் பாடும். லெபோ ஆச்சே, லெபோ ஆர்மேனியன் பக்கம் இரவு அமைதி, ஒன்பதுக்கு மேல் தெரு காலியாகவும் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே லெபோ சூலியாவின் கீழ்ப்பகுதி, பள்ளிவாசலை ஒட்டிய பக்கம், உங்களுக்குப் பொருந்தும். எங்கே நடந்தாலும் பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜன்னல் உண்டா என்று கேட்டீர்களா?

கே: மேடானிலிருந்து அப்பாவின் சிகிச்சைக்காக வருகிறோம். ஒரு வாரம். இடையில் பழைய நகரத்தையும் பார்க்க எண்ணம்.

ப: எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை, அதை வைத்துத்தான் எல்லாம். தனியார் மருத்துவமனைகள் பல ஜாலான் மெக்கலிஸ்டர், ஜாலான் பர்மா, ஜாலான் பங்கோர் வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கே என்றால் நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள், பழைய நகரம் பத்து நிமிட வண்டித் தூரம். பாயான் லெப்பாஸ் பக்கத்து மருத்துவமனை என்றால் அங்கேயே தங்குங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் அந்தச் சாலையில் நோயாளியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அப்பாவுக்குச் சிகிச்சை இல்லாத நாளில் காலை ஏழரைக்கு லிட்டில் இந்தியாவுக்கு அழைத்து வாருங்கள். வெயில் ஏறுமுன் மாரியம்மனைக் கும்பிட்டு, பக்கத்திலேயே பசியாறிவிட்டு, பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.