விண்டோஸ் 11-க்கு மாறினால் பழைய உரிமம் என்னவாகும்?

கேள்வி: 2019-இல் கடையில் வாங்கிய நிறுவனத் தயாரிப்புக் கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 10 ஹோம் அதிலேயே பதிந்து வந்தது. இப்போது விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரையில் அறிவிப்பு வருகிறது. தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? மாறிய பிறகு மிச்சப்படும் விண்டோஸ் 10 உரிமத்தை மகளின் கணினிக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பணம் கட்ட வேண்டியதில்லை. முறையான உரிமத்துடன் விண்டோஸ் 10 இயங்கும் கணினி, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதிகளைப் பெற்றிருந்தால், மாறுவது இலவசம். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ என்று அதே பதிப்புக்குத்தான் மாற முடியும். ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் போக விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் பார்க்கும் கணினிக்கு ப்ரோ தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, முடியாது என்பதே. மேம்படுத்திக்கொள்ளும்போது புதிதாக இன்னோர் உரிமம் உங்கள் கைக்கு வருவதில்லை. ஏற்கெனவே இருந்த உரிமத்தின் மேல்தான் புதிய விண்டோஸ் நிற்கிறது. ஆகவே மிச்சம் என்று எதுவும் இல்லை. மாறிய பத்து நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று தோன்றினால், செட்டிங்ஸில் உள்ள ரெக்கவரி பகுதிக்குச் சென்று அதே கணினியில் விண்டோஸ் 10-க்குத் திரும்பிக்கொள்ளலாம். பழைய உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உதவும்.

கேள்வி: என் கணினி உதிரி பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தது. மதர்போர்டு பழையதாகிவிட்டதால் அதையும் ப்ராசஸரையும் மாற்றி விண்டோஸ் 11 போட நினைக்கிறேன். இருக்கும் விண்டோஸ் 10 உரிமம் செல்லுமா? கடைக்காரர் ஒருவர் செல்லும் என்கிறார், இன்னொருவர் செல்லாது என்கிறார்.
– வாசகர், ஈரோடு

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் விடை உங்களிடம் இருப்பது எந்த வகை உரிமம் என்பதைப் பொறுத்தது. தனியாகப் பெட்டியிலோ மைக்ரோசாஃப்டின் இணையக் கடையிலோ விலை கொடுத்து வாங்கியது ரீடெய்ல் உரிமம். அது வாங்கியவருடையது, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறொரு கணினிக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டில் வைத்திருக்கக் கூடாது. கணினியோடு சேர்ந்து வருவது ஓ.இ.எம். உரிமம். இது விலை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணமே, அது முதலில் பதியப்பட்ட கணினியை விட்டு நகராது என்ற நிபந்தனைதான். அந்தக் கணினியை விற்றால் உரிமமும் அதனுடனேயே போகும்.

நினைவகத்தைக் கூட்டுவது, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவது, கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது ஆகியவற்றால் ஓ.இ.எம். உரிமத்துக்குப் பாதிப்பு இல்லை. மதர்போர்டு மட்டும் விதிவிலக்கு. பழுதாகி மாற்றினால் அதே கணினி என்றும், வேகம் வேண்டி மாற்றினால் புதிய கணினி என்றும் மைக்ரோசாஃப்ட் கொள்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை, எனவே ஓ.இ.எம். என்றால் புதிய உரிமம் வாங்கத்தான் வேண்டும்.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய, கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, பிறகு ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடும் அதை ஒட்டி டி-எல்-ஐ என்ற மூன்றெழுத்தும் தட்டி எண்டர் கொடுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதன் விவரிப்பு வரியில் ரீடெய்ல், ஓ.இ.எம்., வால்யூம் (நிறுவனங்கள் மொத்தமாகப் பெறுவது) ஆகியவற்றில் ஒன்று இருக்கும். கீழே ப்ராடக்ட் கீ எனப்படும் உரிமச் சாவியின் கடைசி ஐந்து எழுத்துகள் இருக்கும். இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8.1-இலிருந்து இலவசமாக 10-க்கு மாறிய கணினிகளில், எல்லோருக்கும் பொதுவான ஒரு சாவியே பதிந்திருக்கும் என்பதால், அடியில் இருப்பது ஓ.இ.எம். உரிமமாக இருந்தாலும் அந்தப் பெட்டி ரீடெய்ல் என்றே காட்டும். அதை நம்பிப் பாகங்களை வாங்கிவிடாமல், முதலில் விண்டோஸ் எப்படி வந்தது என்பதற்கான பில்லைத் தேடி எடுப்பது நல்லது.

ரீடெய்ல்தான் என்று உறுதியானால், பாகங்களை மாற்றுவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸில், உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் அந்தக் கணக்குடன் இணைந்திருப்பதாக வருகிறதா என்று பாருங்கள். மதர்போர்டு மாறியதும் ஆக்டிவேஷன் விட்டுப்போகும். அப்போது அதே பக்கத்தில் உள்ள ட்ரபிள்ஷூட்டரைத் திறந்து, வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்தால், கணக்கில் உள்ள கணினிகளின் பட்டியல் வரும். அதில் உங்களுடையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் 11 ப்ரோ சாவி விற்கிறார்கள். போட்டதும் ஆக்டிவேட் ஆகிறது. இது சட்டப்படி சரிதானே?
– வாசகர், மதுரை

பதில்: ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. அப்படி விற்கப்படுபவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ மொத்தமாகப் பெற்ற வால்யூம் உரிமத்தின் சாவிகள். வால்யூம் விண்டோஸ் உரிமம் என்பதே, ஏற்கெனவே தகுதியான விண்டோஸ் உள்ள கணினியை மேம்படுத்துவதற்கு அந்த நிறுவனத்துக்கு மட்டும் தரப்படுவது. அதைத் தனிநபருக்குச் சில்லறையாக விற்க யாருக்கும் உரிமை இல்லை. சாவி தவறாகப் புழங்குவது தெரியவந்தால் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிவிடும், விற்றவரை அப்போது தேடிப் பிடிக்க முடியாது. உரிமம் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லி, ஆக்டிவேட்டர் என்ற பெயரில் கிடைக்கும் நிரல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு என்னை ஓட்டு என்று சொல்லும் நிரலை, வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் யாராவது ஓட்டுவார்களா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவு, உரிமம் மீறிய கணினி நிரலைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் சிறையின்றி 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக் கணினியிலேயே ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தொழில் செய்பவர்கள் அந்தச் சலுகை தமக்குப் பொருந்தும் என்று எண்ண முடியாது.

நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம். அந்தக் கோப்பு கையில் இருப்பதாலேயே உரிமம் வந்துவிடாது.

கேள்வி: என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. விண்டோஸ் 10-இலேயே இருப்பது உரிம மீறலா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது மைக்ரோசாஃப்டின் ஆதரவுதான். உங்கள் உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்க வீட்டுப் பயனர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, விண்டோஸ் பேக்கப் வழியே அமைப்புகளை அதில் சேமித்தால் கட்டணமின்றி அதில் சேரலாம். பேக்கப் வேண்டாம் என்பவர்கள் 30 டாலர் செலுத்தலாம். ஒரே கணக்கில் பத்துக் கணினிகள் வரை இதைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: விண்டோஸ் 7 டிஸ்க்கைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தச் சாவியைக் கொண்டு விண்டோஸ் 11 போட முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இனி முடியாது. விண்டோஸ் 7, 8.1-இலிருந்து 10-க்கு இலவசமாக மாறுவதற்கு அறிவிக்கப்பட்ட காலம் 2016 ஜூலை 29-இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகும் பழைய சாவிகள் பல ஆண்டுகள் வேலை செய்துவந்தன. மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அந்த வழியையும் அடைத்தது. ஆனால் அதற்கு முன்பே அந்தக் கணினியை விண்டோஸ் 10-க்கு மாற்றி ஆக்டிவேட் செய்திருந்தால், அப்போது கிடைத்த டிஜிட்டல் உரிமம் இன்றும் செல்லும். வன்பொருள் இடம் கொடுத்தால் அதே கணினியில் விண்டோஸ் 11-க்கும் போகலாம்.