ஒரே கான்சர், ஏன் வேற மருந்து?

நீர்வேலியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அம்மாவுக்கு 52 வயசு, மார்பில கட்டி. பயொப்சி ரிப்போட்டில ஈஆர் நெகட்டிவ், பீஆர் நெகட்டிவ், ஹெர்2 3+ எண்டு கிடக்கு. பக்கத்து வீட்டு மாமிக்கும் இதே கான்சர், அவ ஒப்பரேசனுக்குப் பிறகு டமொக்சிபென் குளிசை மட்டும்தான் போடுறா, அம்மாவுக்கு ஏன் ஒரு வருசம் ஊசி? ஜீன் பிரச்சினை எண்டும் சொல்லினம், அப்ப எனக்கும் வருமோ?"

தங்கச்சி, ரெண்டு பேருக்கும் வந்த இடம்தான் ஒண்டு, கான்சர் ஒண்டில்லை. செல்லைப் பெருகு பெருகு எண்டு உசுப்பேத்திற சிக்னல் வேற வேற. மாமியின்ர கட்டிக்கு ஈஸ்ரஜின் ஹோர்மோன்தான் தீனி, டமொக்சிபென் போய் ஈஸ்ரஜின் இருக்கிற கதிரையில தான் ஏறி இருந்திடும். அம்மான்ர கட்டியில அந்தக் கதிரையே இல்லை, ஈஆர் நெகட்டிவ் எண்டது அதைத்தான், பீஆர் எண்டது புரொஜெஸ்ரரோன் எண்ட மற்ற ஹோர்மோனின்ர கதிரை, அதுவும் இல்லை, பிறகு குளிசையைக் குடுத்து என்ன பிரயோசனம்.

அம்மாவில ஆட்டுறது ஹெர்2. இது 17ஆம் குரோமோசோமில இருக்கிற ஜீன், எனக்கும் உங்களுக்கும் கூட செல்லுக்கு ரெண்டு பிரதி இருக்கு, அது செய்விக்கிற புரதம் படலையில பெல் பூட்டின மாதிரி செல்லின்ர வெளிச்சுவரில நிக்கும். கட்டிச் செல்லில இந்தப் பிரதி கண்டபாட்டுக்குப் பெருகிப் போகும், ஜீன் கூடினா அதின்ர கட்டளையைக் காவிக்கொண்டு போற ஆர்என்ஏ கூடும், ஆர்என்ஏ கூடினா புரதம் கூடும், கடைசியில படலை முழுக்க பெல். மற்ற பெல்லுகளை ஆரும் வந்து அமத்தோணும், இதுகள் நெருக்கமா நிண்டா ஒண்டோட ஒண்டு முட்டித் தானாவே அடிக்கும், சத்தம் உள்ளுக்குச் செல்லின்ர கரு வரைக்கும் போய் பெருகிறதுக்கான ஜீனுகள் எல்லாம் எழும்பி வேலை துவங்கிடும்.

3+ எண்டது லாப்பில சாயம் போட்டுப் பாத்த கணக்கு. மைக்ரஸ்கோப்பில ஒவ்வொரு செல்லையும் சுத்தி மண்ணிறக் கோடு, அப்பிடியே கோழிக்கூட்டு வலைதான். 2+ எண்டிருந்தா ஜீன் பிரதியை எண்ணிற பிஷ் ரெஸ்ற்றுக்கு அலைஞ்சிருக்கோணும், அம்மாவுக்கு அது தேவையில்லை.

ஊசியின்ர பேர் டிரஸ்டுசுமாப். 1998இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, அதுக்கு முந்தி ஹெர்2 பொசிட்டிவ் எண்டா கூடாத வகை எண்டுதான் சொல்லுறது, வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஆரும் அப்பிடிச் சொல்லி வெருட்டினா அது பழங்கதை எண்டு விடுங்கோ. மருந்து அந்த பெல்லைப் பொத்திப் பிடிக்கும், எங்கட எதிர்ப்புச் சக்திச் செல்லுகளுக்குக் கள்ளனைக் காட்டியும் குடுக்கும். 3 கிழமைக்கு ஒருக்கா, பொதுவா ஒரு வருசம். கீமோவும் சேத்துக் குடுப்பினம், முடி கொட்டுறது அதாலதான். ஆனா இதயத் தசையிலயும் ஹெர்2க்கு வேலை இருக்கு, அதால துவங்க முதல் எக்கோ எண்ட இதய ஸ்கான், பிறகும் 3 மாசத்துக்கு ஒருக்கா. கால் வீங்கினா, படுக்கேக்க மூச்சு முட்டினா கிளினிக் திகதி வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

உங்களுக்கு வருமோ எண்டா, இந்த ஹெர்2 பெருக்கம் கட்டிக்குள்ள நடந்தது, பிள்ளையளுக்குக் கடத்திறதில்லை. ஆனா அம்மம்மாவுக்கோ சித்திமாருக்கோ இளம் வயசில மார்பிலயோ, எந்த வயசிலயெண்டாலும் சூலகத்திலயோ கான்சர் வந்திருந்தா அது பரம்பரையாக் கடத்தப்படுற பிஆர்சிஏ எண்ட ஜீன்களின்ர கதையா இருக்கலாம், டொக்டருக்குச் சொல்லுங்கோ. கலியாணப் பேச்சு குழம்பும் எண்டு எங்கட ஆக்கள் ஒளிக்கிற விசயம் இதுதான், நீங்கள் அம்மாவைத் தனிய இருத்திக் கேளுங்கோ.