என் பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசை. பிறந்த வருஷம்கூடத் தெரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

பாட்டி உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வருஷத்தைக் கேட்காதீர்கள். அப்போது யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார்கள் (உயரம் குறைத்து வெட்டுவது) என்று கேளுங்கள்.

என் அப்பாயி இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அடையாள அட்டையில் பிறந்த வருஷம் 1945. ஆனால், "கொழும்பில ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ தம்பி கைப்புள்ள, நான்தான் தொட்டில் ஆட்டுனேன்" என்பார். குண்டு விழுந்தது 1942 ஏப்ரலில். பிறக்காத பிள்ளை தொட்டில் ஆட்டுமா? படிவம் நிரப்பியவர் குத்துமதிப்பாகப் போட்ட வருஷம் அது. அதனால் ஓய்வு தள்ளிப்போய், ஏழெட்டு வருஷம் கூடுதலாகக் கூடை சுமந்தார். ஏன் திருத்தவில்லை என்று கேட்க வருவீர்கள். ஒரு நாள் பேரை (அன்றைய வேலைப் பதிவை) விட்டுவிட்டுக் கந்தோர் கந்தோராக, அதாவது அலுவலகம் அலுவலகமாக, அலைந்தால் அன்றைய சம்பளத்தை யார் தருவது?

பெற்றது ஏழு, தங்கியது நாலு. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நானும் கேட்டதில்லை. வாய் ஓயாமல் பேசியது தங்கச்சியைப் பற்றித்தான். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள் அல்லவா? தங்கச்சி புருஷன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், எங்கள் தாத்தா இலங்கைக்கு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களோடு தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். கோச்சி நகரும்போது தங்கச்சி தன் மட்டக்கம்பை (கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்கும் கம்பு) ஜன்னல் வழியாக நீட்டி, "அங்க எனக்கு இது எதுக்குக்கா" என்றாராம். பல மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து கடிதம்: இங்கேயும் கொழுந்துதான்.

அந்தக் கடிதமும் தோட்டத்துக் கந்தோரில் கிடந்துதான் வந்தது. இன்றைக்கும் அதே கதை. எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. என் தம்பியின் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது. எல்லாத் தோட்டத்திலும் இப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

சரி, உங்கள் விஷயம். போனில் பதிவு செய்வதென்றால் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒரே பதிவில் அப்பாயி தன் தம்பி பெயரைச் சொல்லும் இடத்தில் தகரக் கூரைச் சத்தம்தான் கேட்கிறது.